யாரும் சந்தேகிக்காத உருவம்

உளவுப் படங்கள் எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் பெண்ணியம் பேசும் தோழிகள் சிலர் சிரிக்கிறார்கள். துப்பாக்கி, கார், கடலிலிருந்து நீச்சலுடையில் எழுந்து வரும் பெண், கடைசிக் காட்சியில் நாயகனின் மார்பில் சாயும் அதே பெண். இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கதை நமக்காகச் சொல்லப்படவில்லை என்பதாலேயே அதிலிருந்து நாம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று ஆகிவிடாது. ஆண்கள் எழுதிய புராணங்களிலிருந்து நம் ஆயாக்கள் தங்களுக்கு வேண்டியதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டவர்கள்தாம். உளவுப் படத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்பதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் பார்த்த முதல் உளவுப் படம் ‘விக்ரம்’. 1986 மே மாதம் அது வெளியானபோது எனக்கு ஏழு வயது. கொட்டகைக்கு யாரும் அழைத்துப் போகவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, திண்டிவனத்தில் பெரியம்மா வீட்டு மஞ்சள் நீராட்டு விழாவில்தான் பார்த்தேன். அப்போதெல்லாம் விசேஷ வீடுகளில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, தெருவில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று நான்கு படம் போடுவார்கள். முதலில் சாமி படம், அடுத்து சிவாஜி படம், சின்னப் பிள்ளைகள் தூங்கிய பிறகு சண்டைப் படம். அக்காவுக்குப் பதின்மூன்று வயது. பச்சை ஓலைக் குடிசையில் உட்கார வைத்திருந்தவளுக்கு அன்று தண்ணீர் ஊற்றி, பட்டுப்புடவை கட்டி, வீட்டுக்குள் அழைத்திருந்தார்கள். தெருவே படம் பார்க்க, அவள் மட்டும் வாசற்படிக்கு உள்ளே நின்று, நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். படம் பாதி ஓடியபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெல்லச் சொன்னாள்: “ஏய், இவன யாருமே எங்க போறன்னு கேக்கல பாரு.”

உளவுப் படங்களின் கவர்ச்சிக்குப் பல காரணங்களை வாசித்திருக்கிறேன். பனிப்போர், பேரரசை இழந்த இங்கிலாந்தின் பகற்கனவு, இயந்திரங்கள் மீதான மோகம். எல்லாம் சரிதான். அக்கா சொன்ன காரணம் மட்டும் நான் வாசித்த எதிலும் இல்லை.

உளவாளியின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே போகிறான். ஊர் தெரியாத ஊரில் இறங்கி, வேறு பெயரில் அறை எடுக்கிறான். முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிறான். தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான். திரும்பி வந்தபின் மேலதிகாரி ஒருவரைத் தவிர யாருக்கும் கணக்குச் சொல்வதில்லை. ஜேம்ஸ்பாண்டுக்குக் கொல்வதற்கு உரிமம் உண்டு என்று உலகமே பேசுகிறது. எங்கள் பக்கத்துப் பெண்களைக் கேட்டால், அந்த உரிமத்தை அவனே வைத்துக்கொள்ளட்டும், போய் வருவதற்கான உரிமத்தைக் கொடுங்கள் என்பார்கள். எங்க போற, யார் கூட, எப்ப வருவ என்ற மூன்று கேள்விகளும் இல்லாத ஒரு வாழ்க்கையை முதன்முதலில் கண்ணால் பார்த்தது அந்த வாடகை டிவியில்தான்.

அந்த வாழ்க்கை அந்தப் படத்தில் ஒருவனுக்குத்தான் இருந்தது. ராஜசேகர் இயக்கிய ‘விக்ரம்’, அணுகுண்டு தாங்கிய அக்னிபுத்திரன் என்ற ஏவுகணையைச் சத்யராஜின் கும்பல் கடத்துவதையும், கமல்ஹாசன் அதைத் தேடிச் சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குப் போவதையும் சொல்கிறது. மூன்று பெண்கள் முக்கியமாக வருகிறார்கள். அம்பிகா நாயகனின் மனைவி. அவனுக்கு வைத்த குறியில் அவள் செத்துப்போகிறாள். லிஸ்ஸி கணினி வல்லுநர். ஏவுகணையைக் கையாளத் தேவையான படிப்பு அவளிடம்தான் இருக்கிறது. ஆனாலும் படத்தின் பெரும்பகுதி அவளைக் கேலி செய்வதிலும் அவள் பொறாமைப்படுவதிலும் போகிறது. டிம்பிள் கபாடியா சலாமியாவின் இளவரசி. பார்த்ததும் காதல் கொள்வதுதான் அவளுடைய அரச கடமை. ஒருத்தியின் சாவு நாயகனை வேலைக்கு அனுப்புகிறது. மற்ற இருவரின் காதல் அவன் ஆண் என்பதற்குச் சான்று தருகிறது.

இதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் தமிழில் இன்னொரு உளவுப் படம் வந்தது. எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவிஎம் எடுத்த ‘அந்த நாள்’, 1954. பாட்டே இல்லாத படம் என்பதற்காக அதை நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டாம் உலகப் போர்க் காலச் சென்னையில் எதிரி நாட்டுக்கு வேலை செய்யும் வானொலிப் பொறியாளராகச் சிவாஜி, அவர் மனைவியாகப் பண்டரிபாய். கணவனின் ரகசியத்தைக் கண்டுபிடிப்பது காவல்துறைக்கு முன்பே மனைவிதான். அவள் கைத்துப்பாக்கியின் குண்டில்தான் அவன் சாகிறான். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு கணக்குப் புரிந்தது. மனைவி கண்டுபிடித்துவிட்டால் உளவாளியின் கதை முடிந்துவிடும். மனைவி முதலிலேயே செத்துவிட்டால்தான் அவன் கதை தொடரும். வீட்டில் காத்திருந்து ‘எங்க போயிட்டு வர’ என்று கேட்கும் ஒருத்தி இருக்கும்வரை அவன் உளவாளி ஆக முடியாது. நம்மைக் கட்டிவைத்த கேள்வியை அவனிடம் கேட்கக்கூடிய ஒரே ஆளைக் கதை தொடங்கும்போதே தீர்த்துவிடுகிறார்கள்.

பெயர்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பாண்ட் படங்களின் வரிசையைத் தொடங்கிவைத்த ‘டாக்டர் நோ’ 1962 அக்டோபரில் லண்டனில் வெளியானது. குடும்பப் பெயரை முதலில் சொல்லி, சற்று நிறுத்தி, முழுப் பெயரையும் சொல்லும் அந்தப் பாணியை உலகமே பாண்டின் பாணி என்று நினைக்கிறது. சூதாட்ட மேசைக் காட்சியைக் கவனமாகப் பாருங்கள். எதிரே சிவப்பு உடையில் உட்கார்ந்திருக்கும் சில்வியா டிரெஞ்ச்தான் முதலில் தன் பெயரை அப்படிச் சொல்கிறாள். அவன் சிகரெட்டைப் பற்றவைத்தபடி அதே மாதிரியில் பதில் சொல்கிறான். அவள் சொன்னதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அந்தப் பாத்திரத்தில் நடித்த யூனிஸ் கேசனின் குரல்கூடப் படத்தில் இல்லை. நிக்கி வான் டெர் ஸில் என்ற பெண் அவருக்குக் குரல் கொடுத்தார். கடலிலிருந்து எழுந்து வரும் உர்சுலா ஆண்ட்ரெஸுக்கும் அவர் குரல்தான். திரைக்கதை எழுதிய மூவரில் ஒருவர் ஜொஹானா ஹார்வுட் என்ற பெண் என்பதும் பலருக்குத் தெரியாது.

நம் ஊரிலும் அப்படித்தான். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966இல் எடுத்த ‘வல்லவன் ஒருவன்’ போன்ற படங்களால் ஜெய்சங்கர் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் ஆனார். அதே நிறுவனம் 1970இல் எடுத்த ‘சிஐடி சங்கர்’ படத்தில் நடித்த சகுந்தலா, அதன் பிறகு 2024இல் மறையும்வரை சிஐடி சகுந்தலாதான். படத்தில் சிஐடி அவர் இல்லை, சங்கர். நாயகனின் உத்தியோகம் நடிகைக்கு முன்பெயராக ஒட்டிக்கொண்டது. ‘விக்ரம்’ படத்தை எழுதி, அதைக் குமுதத்தில் தொடராகவும் தந்தவர் சுஜாதா. ரங்கராஜன் என்ற அந்தப் பொறியாளர் தமிழ் வாசகர்களிடம் நடமாடியது மனைவியின் பெயரில். பெண்ணின் பெயர் ஆணுக்கு நல்ல மாறுவேடமாக இருந்திருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் வீட்டில் இருந்தார்.

விழுப்புரத்தில் நான் பாடம் நடத்தும் வகுப்பில் திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடலுக்கு வரும்போதெல்லாம் மாணவிகள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். காதல் பாடங்களுக்கு வராத கலகலப்பு இதற்கு வரும். பணியாளர், சுற்றத்தார், பகைவர் என எல்லோரையும் ஆராய்வதே ஒற்று என்று வள்ளுவர் சொல்வதை விளக்கினால், “இங்க சுற்றத்தார்தாம்மா நம்மள ஆராயறாங்க” என்பாள் ஒருத்தி. தமிழ்த்துறையில் எங்களை ‘அம்மா’ என்றுதான் அழைப்பார்கள். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்ற குறளுக்கு உரை தேவைப்படுவதே இல்லை. தம்பி சொன்னதை அண்ணனிடமும், அண்ணன் சொன்னதைப் பக்கத்து வீட்டு அத்தையிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளும் அப்பாக்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். எதிர் ஒற்றிலும் இவர்கள் கெட்டிக்காரிகள். தோழனின் எண்ணைக் கைபேசியில் ‘கேஸ் கம்பெனி’ என்று பதிந்து வைத்திருந்த ஒருத்தியின் கதையை வகுப்பே சிரித்துச் சிரித்துச் சொன்னது.

எல்லாக் கதையும் சிரிப்பில் முடிவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி திடீரென்று வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பேருந்து நிலையத்தில் வேறு தெருப் பையனோடு அவள் பேசிக்கொண்டிருந்ததை ஒருவர் பார்த்து வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார். எங்கள் மாவட்டத்தில் ‘வேறு தெரு’ என்றால் என்ன பொருள் என்று வாசகிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. பார்த்தவர் அவளுக்கு உறவுகூட இல்லை. அதே சாதிக்காரர், அவ்வளவுதான். சம்பளம் வாங்காத, யாரும் நியமிக்காத ஒற்றர்களால் ஆனதுதான் சாதி. அதன் வேலைகளில் முதல் வேலை பெண் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று பார்ப்பது. தேர்வுக்கு அனுமதிச் சீட்டு வந்தது, அவள் வரவில்லை. அந்த ஆண்டு ஒற்றாடலை நடத்தியபோது வகுப்பில் யாரும் நகைச்சுவை சொல்லவில்லை.

போய் வரும் உரிமம் என்று நான் சொல்வது கற்பனை இன்பம் மட்டும் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். படிக்கும் காலத்தில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பேருந்தில் வருவேன். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி தாண்டி ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். தினமும் காலையில் அப்பாவிடம் பேருந்துக் காசு கேட்க வேண்டும். காசோடு கேள்வியும் வரும். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் மாணவிகளிடம் இதனால் என்ன மாறியது என்று கேட்டேன். மிச்சமான பணத்தைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தி சொன்னாள்: “காசு கேக்கறதில்லையா, அதனால எங்கன்னும் கேக்கறதில்லம்மா.” அக்கா வாசற்படியில் நின்று சொன்னதற்கு இத்தனை ஆண்டு கழித்து ஒரு பதில் கிடைத்தது போல இருந்தது.

2022 ஜூனில் லோகேஷ் கனகராஜின் ‘விக்ரம்’ வந்தது. 36 ஆண்டுகளுக்குப் பிறகு அதே பெயர், அதே நாயகன். 2019இல் வந்த ‘கைதி’யையும் பிறகு 2023இல் வந்த ‘லியோ’வையும் சேர்த்துத் தமிழில் ஒரு படத்தொடருக்கே அந்தப் பழைய பெயர் தூண் ஆனது. மாணவிகளோடு விழுப்புரத்தில் பார்த்தேன். அதிலும் பழைய கணக்கே ஓடியது. பகத் பாசில் பாத்திரத்தின் மனைவியாக வரும் காயத்ரியைக் கொடூரமாகக் கொல்கிறார்கள், கணவனின் கோபத்துக்கு அதுதான் எரிபொருள். இதில் புதிதாக ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

பிறகு அந்த வீட்டுக்குள் ஆட்கள் நுழைகிறார்கள். உள்ளே இருப்பது ஒரு பெண், ஒரு குழந்தை, வயதான வேலைக்கார அம்மா. அந்த வேலைக்கார அம்மாதான் ஏஜெண்ட் டீனா. அவர் சண்டையிடத் தொடங்கியதும் அரங்கத்தில் எழுந்த சத்தம் நாயகனுக்கு எழுந்ததைவிடக் குறைவில்லை. என் வரிசையில் இருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நடித்த வசந்தி பல ஆண்டுகளாகப் பாடல் காட்சிகளில் குழுவில் ஆடியவர், நடன உதவியாளர். எத்தனையோ படங்களில் நாயகிக்குப் பின்னால் இருந்தும் நம் கண்ணில் படாதவர். அந்த முகத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் காட்சியின் பலம் இருந்தது.

யாருக்கும் ஐயம் வராத உருவம், எவர் முன்னும் அஞ்சாத கண், எந்த நிலையிலும் வாய் திறக்காத உறுதி. ஒற்றருக்கு வள்ளுவர் சொல்லும் இலக்கணம் இது. அந்த உருவத்துக்கு எடுத்துக்காட்டாக அவர் துறவி வேடத்தைச் சொல்கிறார். அன்றைக்கு எந்தக் கதவும் தடுக்காத ஆள் துறவியாக இருந்திருக்கலாம். இன்றைக்கு அந்த ஆள் கையில் துடைப்பத்தோடு இருக்கும் பெண். படுக்கையறைவரை போகலாம். அலமாரியைத் துடைக்கலாம். அவள் இருக்கும்போதே கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொள்வார்கள், கடன் கணக்குப் பேசுவார்கள். அவள் காது அங்கே இருப்பதாகவே யாரும் எண்ணுவதில்லை. ரங்கூனில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 2018 ஜனவரியில் மறைந்த சரஸ்வதி ராஜாமணி, இந்திய தேசிய ராணுவத்துக்காகப் பதின்பருவத்தில் தாம் உளவு பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். ஆண் பிள்ளை வேடத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் வீடுகளில் எடுபிடி வேலை செய்துதான் செய்தி சேகரித்ததாக அவர் சொன்னார். சூதாட்ட மேசையில் தன் முழுப் பெயரை உரக்கச் சொல்பவனைவிட இவர்கள் வள்ளுவருக்கு நெருக்கமான ஒற்றர்கள்.

இந்த இடத்தில்தான் என் மகிழ்ச்சி நிற்கிறது. டீனா சில நிமிடங்களில் செத்துப்போகிறார். கைத்தட்டல் அடங்குவதற்குள் படம் நாயகனிடம் திரும்பிவிடுகிறது. நாயகனுக்கு முப்பத்தாறு ஆண்டு வரலாறு உண்டு, இழந்த மனைவி உண்டு, மகன் உண்டு, பேரன் உண்டு. டீனாவுக்கு ஒரு சங்கேதப் பெயர் மட்டும்தான். ஒற்றர் என்று ஊரறியச் சிறப்புச் செய்யக் கூடாது என்பதும் குறளில் உண்டு. ஆனால் அது உயிரோடு வேலை செய்கிறவர்களுக்கான பாதுகாப்பு. இறந்த பிறகும் ஒருத்தியின் உண்மைப் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்கு என்ன காரணம்? வீட்டு வேலை செய்யும் பெண்தான் இந்த நாட்டின் மிகச் சிறந்த உளவாளியாக இருக்க முடியும் என்று கண்டுபிடித்த படம், அவள் வேலை முடிந்ததும் எந்த வீட்டுக்குப் போவாள் என்று யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் அந்த வேலையை மாணவிகளிடம் கொடுத்தேன். டீனா அந்த வீட்டில் வேலை செய்த காலத்திலிருந்து ஏதேனும் ஒரு நாளை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதச் சொன்னேன். ஒருத்தி முதல் தேதியை எழுதினாள். டீனாவுக்கு இரண்டு சம்பளம். வீட்டம்மா சம்பளத்தோடு ஒரு பழைய புடவையும் கொடுக்க, அதை மடித்துத் துப்பாக்கிக்கு மேலே வைக்கிறாள் டீனா. ஒருத்தி முழங்கால் வலியை எழுதினாள். குனிந்து தரை துடைத்துத் தேய்ந்த காலோடு, துணி காயப்போடும் மொட்டை மாடியில் யாரும் பார்க்காதபோது உதை பழகுகிறாள். ஒருத்தி டீனா சாகவே இல்லை என்று எழுதினாள். வேறொரு ஊரில், வேறொரு வீட்டில், பாத்திரம் துலக்கிக்கொண்டு அடுத்த உத்தரவுக்குக் காத்திருக்கிறாளாம். உத்தரவு வந்தால் போவதா வேண்டாமா என்பதை இந்த முறை அவளே முடிவு செய்வாளாம்.

கடைசியாகப் படித்த மாணவியின் பக்கங்களில் துப்பாக்கியும் இல்லை, டீனாவும் இல்லை. அவள் அனுமதியோடு இதை எழுதுகிறேன். அவள் அம்மா தினமும் பேருந்து பிடித்துப் புதுச்சேரிக்குப் போய் வீட்டு வேலை செய்கிறவர். அந்த வீட்டுப் பெரியவருக்கு எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று அம்மாவுக்குத் தெரியும். நகைப்பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது, மருமகள் எதற்காக அழுதாள், மகன் யாரிடம் கடன் வாங்கினான் என்பதெல்லாம் தெரியும். அம்மா எந்த ஊர், மகள் கல்லூரியில் படிக்கிறாளா என்பது அவர்களுக்குத் தெரியாது. முன்பு அங்கே வேலை செய்தவரின் பெயரே வாய்க்குப் பழகிவிட்டது என்று அம்மாவையும் அந்தப் பெயராலேயே கூப்பிடுகிறார்கள். ஆறு வருடமாக அம்மா அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறார்.

அவள் படித்து முடித்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “உங்க அம்மா பேரு என்னடி?” என்று கேட்டாள். இவள் மறுபடி எழுந்து, முதலெழுத்தோடு முழுப் பெயரையும் சொன்னாள்.